நான்கு கைகளும் ஒன்றே



கரிம வேதியியலில் எந்தப் பகுதியைப் பற்றியும் பேசலாம் என்று இந்தச் சொற்பொழிவின் அமைப்பாளர்கள் எனக்கு உரிமை கொடுத்தார்கள். மருந்துகளைப் பற்றிப் பேசியிருக்கலாம். சாயங்களைப் பற்றிப் பேசியிருக்கலாம். நான் ஆல்கேன்களை எடுத்துக்கொண்டேன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை, ஒற்றைப் பிணைப்புகளால் மட்டுமே கட்டப்பட்டவை. கார்பன்களின் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை வந்துவிடும். வகுப்பறையில் இவற்றுக்குக் கிடைக்கும் அறிமுகம் பெரும்பாலும் ஒரே வரிதான்: 'எளிதில் வினைபுரியாதவை.' அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மாணவர் ஆல்கீன்களுக்குப் போய்விடுகிறார். கரிம வேதியியலின் அடிப்படைக் கேள்விகளில் பல இந்தச் சேர்மங்களை வைத்துத்தான் கேட்கப்பட்டன, இவற்றைக் கொண்டுதான் விடையும் காணப்பட்டது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஓர் ஆல்கஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆக்சிஜன் இருக்கும் இடம் தனியாகத் தெரியும். வினைப்பொருள் அங்கே போய்ப் பற்றிக்கொள்ளும். ஆல்கேனில் அப்படி ஓர் இடம் இல்லை. சுற்றிலும் ஒரே மாதிரி. பிடியில்லாத பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவது போன்ற பாடு அதைக் கையாளும் வேதியியலாளருக்கு. ஆல்கேனின் அமைப்பு, பெயர், பண்பு, வினை ஆகிய நான்குமே இந்த ஒருமையிலிருந்து பிறக்கின்றன என்பது என் கருத்து. ஆனால் அந்த ஒருமையே முதலில் நிறுவப்பட வேண்டியிருந்தது.

கதை 1776இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பரில், இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா கோலால் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழ்களைக் குப்பியில் பிடித்தார். அந்தக் காற்று தீப்பற்றி எரிந்தது. மீத்தேன் அறிவியலுக்குள் நுழைந்த விதம் அது. எரியும் என்று தெரிந்ததே தவிர, அது எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்பதற்குரிய மொழிகூட அன்று இல்லை. அந்த மொழி உருவாக மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

1840களின் இறுதியில் வேதியியலாளர்கள் ஒரு நம்பிக்கையில் இருந்தார்கள். கரிமச் சேர்மங்கள் மெத்தில், எத்தில் போன்ற உறுப்புகளால் ஆனவை. கனிமச் சேர்மத்திலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுபோல இந்த உறுப்புகளையும் தனியே பிரித்துவிடலாம் என்பது அந்த நம்பிக்கை. இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்ட் ஃபிராங்க்லண்ட், மூடி உருக்கிய கண்ணாடிக் குழாய்களுக்குள் துத்தநாகத்தையும் அயோடின் சேர்மங்களையும் சேர்த்துச் சூடாக்கினார். ஜெர்மனியின் ஹெர்மன் கோல்பே அசிட்டேட் உப்பின் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினார். இரண்டு வழியிலும் நிறமற்ற ஒரு வாயு வந்தது. மெத்திலைப் பிரித்துவிட்டோம் என்று இருவரும் நம்பினார்கள்.

அணு எடைகள் சீராக்கப்பட்டபின், அவர்கள் பிடித்தது ஒரு மெத்தில் அல்ல, இரண்டு மெத்தில்கள் கைகோத்தது என்று தெரிந்தது. அதற்கு 'டைமெத்தில்' என்று பெயர். இதற்கிடையே வேறொரு வழியில், எத்தில் அயோடைடின் அயோடினை நீக்கி ஹைட்ரஜனை வைத்து இன்னொரு வாயுவையும் செய்திருந்தார்கள். அது 'எத்தில் ஹைட்ரைடு'. இரண்டிலும் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன். இவை ஒன்றா, வேறா?

இன்று பள்ளி மாணவருக்குக்கூட இது கேள்வியாகத் தோன்றாது. அன்று இதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. கார்பனுக்கு நான்கு கைகள், அதாவது நான்கு பிணைப்புகள், என்று 1858இல் கெக்குலேயும் கூப்பரும் சொல்லிவிட்டார்கள். நான்கு கைகளும் ஒரே திறன் கொண்டவை என்று யாரும் நிறுவவில்லை. மூன்று கைகள் ஒரு விதம், நான்காவது வேறு விதம் என்று இருந்தால், டைமெத்திலும் எத்தில் ஹைட்ரைடும் தனித்தனிப் பொருள்களாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. அப்படி இருந்துவிட்டால் கரிம வேதியியலின் கணக்கே வேறு. ஒவ்வொரு சேர்மத்துக்கும் எந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்று தனியாகக் குறிக்க வேண்டியிருக்கும்.

தீர்ப்புச் சொன்னவர் கார்ல் ஷோர்லெம்மர். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1859இல் மான்செஸ்டருக்கு ஆய்வு உதவியாளராகப் போனவர். 1864இல் அவர் இரண்டு வாயுக்களையும் குளோரினுடன் வினைபுரியச் செய்தார். இரண்டும் ஒரே எத்தில் குளோரைடைத் தந்தன. இரண்டு பெயர்கள், ஒரே வாயு: ஈத்தேன். நான்கு கைகளும் ஒன்றே.

புதிய பொருளைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைக்கும் புகழ், இரண்டு பொருள்கள் ஒன்றுதான் என்று காட்டியவருக்குக் கிடைக்கவில்லை. பாடநூல்களில் ஷோர்லெம்மரின் பெயரைத் தேடிப் பாருங்கள், அரிதாகத்தான் கிடைக்கும். மார்க்சுக்கும் ஏங்கல்சுக்கும் நெருங்கிய நண்பர் என்ற வகையில் அரசியல் வரலாற்றில் அவர் பெயர் அதிகம் வருகிறது. ஹைட்ரோகார்பன்களோடு மல்லுக்கட்டி, வெடிப்பில் காயம்பட்ட முகத்தோடு தன் வீட்டுக்கு அவர் வந்ததை ஏங்கல்ஸ் 1892இல் எழுதிய இரங்கல் குறிப்பில் நினைவுகூர்ந்திருக்கிறார். பென்சில்வேனியப் பெட்ரோலியத்தையும் நிலக்கரித் தாரையும் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து ஆல்கேன்களை ஒவ்வொன்றாகத் தூய்மையாக்கி அடையாளம் கண்ட அந்த உழைப்பு, இந்தக் குடும்பத்தின் முழு வரிசையையும் நம் கண்முன் வைத்தது. 1874இல் இங்கிலாந்தின் முதல் கரிம வேதியியல் பேராசிரியராக அவர் மான்செஸ்டரில் அமர்த்தப்பட்டார்.

அதே 1874இல் அடுத்த படி. நான்கு கைகள் ஒன்றே என்றால் அவை எப்படி நீண்டிருக்கின்றன? மீத்தேனின் இரண்டு ஹைட்ரஜன்களை நீக்கி இரண்டு குளோரின்களை வைத்துப் பாருங்கள். மூலக்கூறு தட்டையான சதுரம் என்றால் இரண்டு விதமாக வைக்கலாம்: பக்கத்துப் பக்கத்து மூலையில், அல்லது எதிரெதிர் மூலையில். ஆனால் ஆய்வகத்தில் கிடைத்தது எப்போதும் ஒரே டைகுளோரோமீத்தேன். நான்முகி ஒன்றின் மையத்தில் கார்பனை வைத்து, நான்கு மூலைகளுக்கும் கைகளை நீட்டினால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. நான்முகியில் எந்த இரண்டு மூலைகளை எடுத்தாலும் அவை அண்டை மூலைகளே. 22 வயது வான்ட் ஹாஃப் நெதர்லாந்தில் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். லெ பெல் பிரான்சில் ஏறத்தாழ இதே முடிவுக்குத் தனியாக வந்தார். கைகளுக்கிடையே கோணம் 109.5 டிகிரி.

இதைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர், மெத்திலைப் பிடித்துவிட்டதாக நம்பிய அதே கோல்பேதான். கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலைபார்க்கும் இளைஞர் அணுக்களின் இருப்பிடம் பற்றிக் கனவு காண்கிறார் என்று 1877இல் சாடினார். 1901இல் வேதியியலின் முதல் நோபல் பரிசு, வேறு பணிக்காக, அந்த இளைஞருக்கே கிடைத்தது. 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் வைரத்தை ஆராய்ந்தபோது நான்முகி கண்ணுக்குத் தெரிந்த உண்மையாயிற்று. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். வைரத்தில் ஒரு கார்பனுக்கும் அடுத்த கார்பனுக்கும் இடைவெளி 1.54 ஆங்ஸ்ட்ராம். ஈத்தேனிலும் ஏறத்தாழ அதே அளவுதான்.

ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி மூலக்கூறு தடையில்லாமல் சுழலும் என்று பல காலம் கற்பித்தார்கள். 1936இல் கெம்ப், பிட்சர் என்ற இருவர் ஈத்தேனின் வெப்ப அளவீடுகளைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. மோலுக்கு சுமார் 12 கிலோஜூல் தடை ஒன்று இருந்தால்தான் பொருந்தியது. முன்னால் உள்ள மூன்று ஹைட்ரஜன்கள் பின்னால் உள்ள மூன்றை நேராக மறைக்கும் நிலையில் ஆற்றல் கூடுகிறது. இடைவெளிகளில் விலகி நிற்கும்போது குறைகிறது. தடை சிறியதுதான். அறை வெப்பநிலையில் நொடிக்கு ஆயிரம் கோடிக் கணக்கில் மூலக்கூறு அதைத் தாண்டிச் சுழல்கிறது. ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் இந்தத் தடை என்று பாடநூல்கள் சொல்லி வந்தன. விலகி நிற்கும் நிலையில் எலக்ட்ரான்கள் அடுத்த கார்பனின் பக்கம் பரவ வழி கிடைப்பதே முதன்மைக் காரணம் என்று 2001இல் ஒரு கட்டுரை வாதிட, விவாதம் மீண்டும் சூடுபிடித்தது. எட்டு அணுக்கள் கொண்ட மூலக்கூறு இன்னும் நம்மைச் சண்டையிட வைக்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பெயரிடலுக்கு வருவோம். மாணவர்கள் அஞ்சும் பகுதி இது, அஞ்ச வேண்டியதில்லை. மற்றக் குடும்பங்களில் பெயர் சூட்டுவதற்கு வினைத்தொகுதி என்ற அடையாளம் இருக்கிறது. ஆல்கேனிடம் எலும்புக்கூட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே எலும்புக்கூட்டை எப்படிப் படிப்பது என்ற விதியை இங்கேதான் முதலில் வகுக்க வேண்டியிருந்தது. 1892 ஏப்ரலில் ஜெனீவா நகரில் கூடிய வேதியியலாளர் மாநாடு அதைச் செய்தது. மிக நீளமான சங்கிலியைத் தேர்ந்தெடு. அதன் பெயரே அடிப்படைப் பெயர். கிளைகளை அதில் ஒட்டியவையாகச் சொல். கிளைகளுக்குச் சிறிய எண் வரும் முனையிலிருந்து எண்ணு. இவ்வளவுதான். மீத்தேன், ஈத்தேன், புரப்பேன், பியூட்டேன் என்ற நான்கும் பழைய பெயர்கள். ஐந்திலிருந்து பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன் என்று எண்ணுப் பெயர்கள் தொடரும். தேர்வுத் தாள்களில் அதிகம் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று: தாளில் நேராக வரையப்பட்டதை நீளமான சங்கிலி என்று எடுத்துக்கொள்வது. சங்கிலி வளையலாம், இறங்கலாம், திரும்பலாம். கார்பன்களின் எண்ணிக்கைதான் பேச்சு.

இந்த விதி ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அதே அணுக்களை வேறு விதமாகக் கட்டினால் கிடைப்பவை மாற்றியங்கள். பியூட்டேனுக்கு 2 மாற்றியங்கள், பென்டேனுக்கு 3, ஹெக்சேனுக்கு 5, ஹெப்டேனுக்கு 9, ஆக்டேனுக்கு 18. பத்து கார்பன் வந்தால் 75. இருபது வந்தால் 3,66,319. முப்பது வந்தால் 411 கோடிக்கு மேல். இந்தக் கணக்கை முதலில் போட்டவர் வேதியியலாளர் அல்ல, ஆர்தர் கேலி என்ற கணிதவியலாளர். 1870களில் ஆல்கேனின் எலும்புக்கூட்டைக் கிளைவிடும் மரமாகப் பார்த்து, 13 கார்பன் வரை எண்ணினார். கடைசி இரண்டு எண்களில் பிழை நேர்ந்தது. 1931இல் டெக்சாஸில் ஹென்ஸும் பிளேரும் முறைப்படி எண்ணும் வழியைத் தந்தார்கள். 1937இல் போல்யா அதைப் பொதுவான கணிதத் தேற்றமாக உயர்த்தினார். கணிதத்தில் இன்று பெரிதாக வளர்ந்திருக்கும் வரைகோட்பாட்டுக்கு நம் ஆல்கேன்களும் ஒரு தாய்வீடு. நான்கு கைகளும் ஒன்றே என்ற ஷோர்லெம்மரின் முடிவு இல்லையென்றால் இந்த எண்ணிக்கைகளில் ஒன்றுகூடப் பொருந்தியிருக்காது.

பண்புகளைப் பட்டியலாகச் சொல்லப் போவதில்லை. கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரானை ஏறத்தாழ ஒரே வலுவில் இழுப்பதால் மூலக்கூறில் மின்முனைகள் தோன்றுவதில்லை. மூலக்கூறுகளுக்கிடையே இருப்பது, நொடிக்கு நொடி மாறும் எலக்ட்ரான் அசைவால் பிறக்கும் மெல்லிய ஈர்ப்பு மட்டும். 1930இல் லண்டன் என்ற இயற்பியலாளர் விளக்கியதால் லண்டன் விசை. எனவே பருமனும் வடிவமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. மீத்தேன் பூச்சியத்துக்குக் கீழ் 161.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பியூட்டேன் பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழே. பென்டேன் 36 டிகிரியில்.

வடிவத்தின் விளையாட்டுக்குப் பென்டேனின் மூன்று மாற்றியங்களைவிட நல்ல சான்று இல்லை. நேர்சங்கிலிப் பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது. ஒரு கிளை வைத்தால் 28. நான்கு பக்கமும் மெத்தில் வைத்து உருண்டையாக்கினால், அதாவது நியோபென்டேன், 9.5 டிகிரி. உருண்டைகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைவு, ஈர்ப்பும் குறைவு. இத்தோடு நின்றால் கதை எளிது. உருகுநிலையைப் பாருங்கள்: நேர்சங்கிலி பூச்சியத்துக்குக் கீழ் 130 டிகிரியில் உருகுகிறது, நியோபென்டேனோ பூச்சியத்துக்குக் கீழ் 17 டிகிரியிலேயே. கொதிநிலையில் தாழ்ந்தது உருகுநிலையில் உயர்ந்துவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் உருண்டை, படிகத்துக்குள் எளிதாக அடுக்கிக்கொள்கிறது. எளிதில் அதை விட்டு வருவதில்லை. 'கிளை கூடினால் கொதிநிலை குறையும்' என்ற வரியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த அழகு தப்பிவிடும்.

உயிர்களும் இந்தப் பண்புகளை அறிந்திருக்கின்றன. முட்டைக்கோஸ் இலையில் நீர் முத்தாக உருளுவதற்குக் காரணமான மெழுகில் 29 கார்பன் கொண்ட ஆல்கேன் முதன்மையானது. இலை மெழுகுகளில் 27, 29, 31 என்று ஒற்றைப்படை எண்களே மிகுந்திருக்கும். இரட்டைப்படைக் கொழுப்பு அமிலங்களைத் தாவரம் நீட்டி, கடைசியில் ஒரு கார்பனைக் கழற்றிவிடுவதால் வருவது அது. எறும்புகள் தம் உடல்மேல் பூசியிருக்கும் நீண்ட ஹைட்ரோகார்பன் கலவையைக் கொண்டுதான், எதிரே வருவது தன் கூட்டைச் சேர்ந்ததா, வேற்றுக் கூட்டைச் சேர்ந்ததா என்று அறிகின்றன. மெத்தில் கிளை எந்தக் கார்பனில் இருக்கிறது என்பதை உணர்கொம்பால் தொட்டே படித்துவிடுகிறது எறும்பு. ஜெனீவா மாநாடு வகுத்த வேலையை அது எத்தனையோ கோடி ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

இனி வினைகள். ஆல்கேன்கள் வினைபுரியாதவை என்று சொல்லும்போது, அவற்றில் ஆற்றல் இல்லை என்று மாணவர் புரிந்துகொள்ளக் கூடாது. ஒரு மோல் மீத்தேன் எரிந்தால் 890 கிலோஜூல் வெளிவருகிறது. காற்றோடு கலந்த மீத்தேன் காலவரையின்றி அமைதியாக இருக்கும். ஒரு பொறி பட்டால் போதும். இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812 மே மாதம் அந்தப் பொறி பட்டது; 92 பேர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஹம்ஃப்ரி டேவி 1815இல் பாதுகாப்பு விளக்கை உருவாக்க இத்தகைய விபத்துகளே தூண்டின. சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை. வலை வெப்பத்தை வாங்கிப் பரப்பிவிடுவதால் சுடர் வலையைத் தாண்டிப் போவதில்லை.

1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியது. மணமே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. வெடிப்பில் ஏறத்தாழ 300 குழந்தைகளும் ஆசிரியர்களும் மாண்டார்கள். எரிவாயுவில் மணப்பொருள் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பிறகுதான் டெக்சாஸில் வந்தது. பிற இடங்களுக்கும் பரவியது. நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரப்பேனும் பியூட்டேனும். அவற்றுக்கு மணம் கிடையாது. நமக்குத் தெரியும் அந்த நாற்றம், எச்சரிப்பதற்கென்று கலந்த கந்தகச் சேர்மத்துடையது. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசு, கூரைக்கு ஏறும். புரப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை, தரையோடு படியும். சிலிண்டர் கசிந்தால் மேலே உள்ள சாளரம் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும். மின்விசிறியையோ விளக்கையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மூலக்கூறு எடை என்ற பாடத்தின் பயன் சமையலறைத் தரையில் இருக்கிறது.

பொறி பட்டவுடன் என்ன நடக்கிறது? பிணைப்பு இரண்டாக ஒடிந்து, இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்பு பிறக்கிறது. ஃபிராங்க்லண்ட் 1849இல் தேடிய மெத்தில் இதுதான். 1929இல் பெர்லினில் ஃபிரெட்ரிக் பானெத் அதைக் காட்டினார். டெட்ராமெத்தில் ஈய ஆவியைக் குழாயில் செலுத்தி ஓரிடத்தில் சூடாக்க, அங்கே ஈயம் ஆடிபோல் படிந்தது. பிறகு ஆவி வரும் பக்கத்தில் சற்று முன்னால் சூடாக்கினார். புதிய ஆடி அங்கே தோன்ற, பழைய ஆடி கரைந்து மறைந்தது. குழாய்க்குள் பாய்ந்து வந்த ஏதோ ஒன்று ஈயத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதன் ஆயுள் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு. கரிம வேதியியலில் நான் மிகவும் மதிக்கும் சோதனை இது. கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றை, அது எடுத்துச் சென்றதைக் கொண்டு அறிந்தார்கள்.

குளோரினேற்றமும் தனி உறுப்பு வழியே நடக்கும் தொடர்வினைதான். ஒளி பட்டுக் குளோரின் பிளக்கிறது. குளோரின் அணு ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. மிஞ்சிய மெத்தில் இன்னொரு குளோரின் மூலக்கூறை உடைக்கிறது. சுற்று தொடர்கிறது. மீத்தேனிலிருந்து ஒரு பொருள் வருவதில்லை, குளோரின் ஒன்று முதல் நான்கு வரை ஏறிய நான்கு பொருள்கள் வருகின்றன. பிடியில்லாத மூலக்கூறின் சிக்கல் இங்கே முழுதாகத் தெரிகிறது. ஐசோபியூட்டேனில் ஒன்பது ஹைட்ரஜன்கள் ஓரத்தில், ஒன்றே ஒன்று நடுக் கார்பனில். நடுவில் உள்ளதைக் குளோரின் ஐந்து மடங்கு விரும்பினாலும், எண்ணிக்கையில் ஓரத்தவை மிகுதி என்பதால் கலவைதான் கிடைக்கும்: ஏறத்தாழ 64க்கு 36. புரோமினோ நிதானமானது, ஆற்றல் குறைந்தது. ஆகவே மிக எளிதில் உடையும் பிணைப்பைத் தேடித்தான் போகும். 99 விழுக்காட்டுக்கு மேல் நடுவிலேயே அமர்கிறது. வேகம் கூடியவன் தேர்ந்தெடுப்பதில்லை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

பெட்ரோலின் ஆக்டேன் எண் பற்றிக் கேட்காதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். அதன் வரலாறு ஒரு மரத்திலிருந்து வருகிறது. கலிஃபோர்னிய மலைகளில் ஜெஃப்ரி பைன் என்ற மரம் உண்டு. மற்ற பைன்களின் பிசினைக் காய்ச்சினால் டர்ப்பன்டைன் வரும். இதன் பிசினிலிருந்து வருவது ஏறத்தாழ தூய நேர்சங்கிலி ஹெப்டேன். தெரியாமல் இதை மற்றப் பிசினோடு கலந்து காய்ச்சிய வடிசாலைகள் வெடித்த கதைகள் உண்டு. 1920களில் இன்ஜினுக்குள் எரிபொருள் முறைதவறி வெடித்துத் தட்டும் 'நாக்கிங்' பெரும் தொல்லையாக இருந்தபோது, எரிபொருள்களை ஒப்பிட அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவில் கிரஹாம் எட்கர் இரண்டு முனைகளைத் தேர்ந்தார். மிக மோசமாக நாக்கிங் செய்யும் ஹெப்டேனுக்குப் பூச்சியம். தாமே ஆய்வகத்தில் தொகுத்த 2,2,4-டிரைமெத்தில்பென்டேனுக்கு நூறு. பூச்சியத்துக்கான தூய ஹெப்டேன் அந்த மரத்திலிருந்து வந்தது. பெட்ரோலியத்திலிருந்து அவ்வளவு தூய்மையாகப் பிரிப்பது அன்று கடினம்.

இரண்டும் ஆல்கேன்களே. ஏன் இவ்வளவு வேறுபாடு? நேர்சங்கிலியில் ஆக்சிஜன் ஒட்டியவுடன், அது வளைந்து தன் சங்கிலியிலேயே சற்றுத் தள்ளியிருக்கும் ஹைட்ரஜன் ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. அதிலிருந்து மேலும் தனி உறுப்புகள் கிளம்பி, சுடர் வந்து சேர்வதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. கிளைகள் நிறைந்த மூலக்கூறில் ஆக்சிஜன் எட்டிப்பிடிக்க வசதியான ஹைட்ரஜன்கள் குறைவு. மெத்தில்களின் ஹைட்ரஜன்களோ பறிக்கக் கடினமானவை. எலும்புக்கூட்டின் வடிவம் மட்டுமே மாறியது, இன்ஜின் பிழைத்தது. கிளைகொண்ட ஆல்கேன்களை அமிலத்தின் துணையோடு பெருமளவில் செய்யும் வழியை 1930களில் இபாட்டியெஃப், பைன்ஸ் என்ற இருவர் சிகாகோவில் கண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களின் உயர்தர எரிபொருளில் அந்த வழியின் பங்கு பெரிது.

அமிலங்கள் ஆல்கேன்களைத் தொடாது என்று நம் பாடநூல் சொல்லும். 1960களில் கிளீவ்லாந்தில் ஜார்ஜ் ஓலாவின் ஆய்வகத்தில், கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு ஒன்றை ஆய்வாளர் ஒருவர் அங்கிருந்த அமிலத்தில் போட்டார். ஃபுளூரோசல்ஃபூரிக் அமிலமும் ஆன்டிமனி பென்டாஃபுளூரைடும் கலந்தது அது. கந்தக அமிலத்தைவிடப் பல கோடி மடங்கு வலியது. பாரஃபின் மெழுகு கரைந்தது. கரைசலை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் வைத்தபோது, நீண்ட சங்கிலி உடைந்து டெர்ஷியரி பியூட்டைல் கார்பன் நேரயனியாக மாறியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. மீத்தேனும் அந்த அமிலத்திடமிருந்து ஐந்தாவது ஹைட்ரஜனை ஏற்கும் என்று ஓலா காட்டினார். நான்கு கைகள் கொண்ட கார்பனோடு ஐந்து ஹைட்ரஜன்! 1994இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இன்று எஞ்சியிருக்கும் பெரிய கேள்வி, கேட்பதற்கு மிகச் சிறியது: மீத்தேனில் ஓர் ஆக்சிஜனை மட்டும் நுழைத்து மெத்தனாலாக்கி நிறுத்த முடியுமா? மீத்தேனின் ஹைட்ரஜனைப் பறிக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். மெத்தனாலின் கார்பனிலிருந்து பறிக்க சுமார் 400 போதும். ஆகவே விளைந்த மெத்தனால்தான் முதலில் எரிந்துபோகிறது. தொழிற்சாலைகள் சுற்றுவழியில் போகின்றன. நிக்கல் வினையூக்கியின் மேல் 800 டிகிரி அளவில் நீராவியோடு வினைபுரியச் செய்து, மீத்தேனின் நான்கு பிணைப்புகளையும் உடைத்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆக்கி, பிறகு அழுத்தத்தில் மூன்று ஹைட்ரஜன்களை மீண்டும் கார்பனோடு கட்டுகிறார்கள். நான்கில் ஒன்றை மாற்றுவதற்கு நான்கையும் இடிக்க வேண்டியிருக்கிறது. ரஷ்யாவில் ஷிலோவ் 1960களின் இறுதியில் பிளாட்டினம் உப்புகளால் மென்மையான நிலையிலேயே மீத்தேனைத் தொட்டார். 1998இல் பெரியானா குழுவினர் பிளாட்டினம் வினையூக்கியைக் கந்தக அமிலத்தில் வைத்து, மெத்தனாலை சல்ஃபேட்டாக மாற்றிப் பாதுகாத்து, 70 விழுக்காட்டுக்கு மேல் விளைச்சல் கண்டார்கள்.

நுண்ணுயிர்கள் இதை வெறும் அறை வெப்பநிலையில் செய்கின்றன. காவிரிப் படுகை போன்ற இடங்களில், நீர் நிற்கும் நெல்வயலின் சேற்றில் மீத்தேன் பிறக்கிறது. பயிரின் தண்டில் உள்ள காற்றறைகள் வழியாகவே பெரும்பகுதி மேலேறிக் காற்றில் கலக்கிறது. வேரைச் சுற்றி ஆக்சிஜன் கசியும் மெல்லிய பகுதியில் வாழும் மீத்தேன் உண்ணிகள் அதில் ஒரு பங்கை வழியிலேயே பிடித்து மெத்தனாலாக்கி உண்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடிக்கு 700 பங்கு அளவில் இருந்த காற்றுமண்டல மீத்தேன் இன்று 1900ஐத் தாண்டிவிட்டது. இந்த உயிர்கள் இல்லாவிட்டால் இன்னும் கூடியிருக்கும்.

அவற்றிடம் இருக்கும் நொதி இரண்டு வகை. ஒன்றின் மையத்தில் இரண்டு இரும்பு அணுக்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு தெரியும். பெரும்பாலானவற்றில் உள்ள மற்றொன்று செம்பை நம்பியது, செல்லின் சவ்வில் பதிந்தது. அதன் படிக அமைப்பு முதன்முதலில் 2005இல் வெளியானது. புரதத்துக்குள் செம்பு இருக்கும் இடங்கள் சில அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் எது மீத்தேனைப் பற்றுகிறது, அங்கே ஒரு செம்பா, இரண்டா, மூன்றா என்பதில் ஆய்வுக் குழுக்கள் இன்னும் உடன்படவில்லை. அதற்கு விடை தேடுவதற்கு வேண்டிய கரிம வேதியியல், உயிர்வேதியியல், கனிம வேதியியல் மூன்றையும் சேர்த்துக் கற்கத் துணிபவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது.